தற்காலிக மாமா

அன்பு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி நாலரை மணிக்கு முடிந்துவிடும். கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம் போகும் சாலையோரத்தில் இருந்த 'அன்பின் கூடாரம்' சிறுவர் இல்லத்தில் 1984ஆம் ஆண்டு நிலவரம் இதுதான். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகும் அரை மணி நேரம் அன்பு காட்ட அனுமதி கிடைக்கும். மற்ற நாள்களில் பிள்ளைகளுக்குச் சோறு, பள்ளிக்கூடம், தூக்கம் ஆகியவை மட்டும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அன்பு காட்டும் குழுவின் தலைவி திருமதி கிரேஸ் சந்திரிகா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர் பொறுப்பேற்பதற்கு முன்னால் அன்பு கண்டபடி நடந்துகொண்டிருந்ததாம். கிள்ளானிலிருந்து ஒரு குழு வந்து ஒரே பிள்ளையை மூன்று முறை கட்டிப்பிடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறது. ஆகவே அவர் அன்புப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். பிள்ளையின் பெயர், காட்டப்பட்ட அன்பு, காட்டியவர், நேரம், பிள்ளையின் எதிர்வினை என்று ஐந்து கட்டங்கள். எதிர்வினைக் கட்டத்தில் 'சிரித்தது', 'அழுதது', 'தூங்கியது' ஆகிய மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்.

இல்லத்தில் இருந்த ஒன்பது பிள்ளைகளும் அன்பு காட்டப்படுவதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் உயர வரிசையில் நிற்பார்கள். கைதட்டிப் பாடுவார்கள். கேக் வெட்டும் வரைக்கும் கேக்கைப் பார்க்காமல், கொண்டுவந்தவர் முகத்தையே பார்ப்பார்கள். பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய் என்ற கேள்வி எப்படியும் வரும். சுங்கை செம்பிலாங்கிலிருந்து வந்திருந்த பத்து வயதுச் சேது, பாடகர் குழு வந்தால் போதகர் ஆகப் போவதாகவும், டாக்டர்கள் வந்தால் டாக்டர் ஆகப் போவதாகவும் சொல்வான். உண்மையில் அவனுக்கு லோரி ஓட்ட ஆசை. அதை வேன் ஓட்டுநர் அப்பளசாமியிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

அப்பளசாமிக்கு ஐம்பது வயது. தோட்டத்தில் செம்பனை லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகு ஒத்துழைக்காததால் வேனுக்கு வந்தார். அவர் கும்பிடுவது முனியாண்டியை. போதகர் செல்லையா அதைப் பெரிதுபடுத்தவில்லை. வேன் ஓட்ட விசுவாசம் வேண்டியதில்லை, லைசென்ஸ் போதும் என்பது அவர் கட்சி. வருகிறவர்களைப் பிள்ளைகள் அங்கிள், ஆண்ட்டி என்றும் ஊழியர்களைப் பிரதர், சிஸ்டர் என்றும் அழைக்க வேண்டும் என்று விதி இருந்தது. இரண்டு பட்டியலிலும் அப்பளசாமி விட்டுப் போயிருந்தார். அதனால் அவரை எல்லாரும் 'வேன்' என்றே அழைத்தார்கள். "வேன் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் அது அவரைத்தான்.

போதகர் செல்லையா நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வேனுக்குக்கூடக் காத்திராமல் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர். பதிவேட்டில் அதை எழுத முடியாமல் போனது, ஏனென்றால் அன்று புதன்கிழமை.

சிக்கல் புது மாடியால் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு சபையார், இருபத்து நான்கு கட்டில்களோடு புது மாடி ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். டிசம்பர் பதினைந்தாம் தேதி திறப்பு விழா. அந்தச் சபையிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வருகிறார்கள். கட்டில் இருபத்து நான்கு, பிள்ளை ஒன்பது. போதகர் குழுவைக் கூட்டினார்.

"அன்பானவர்களே, கட்டிலில் நமக்குக் குறைவில்லை. அன்பிலும் குறைவில்லை, கிள்ளானில் மட்டும் பதினொரு குழுக்கள் அன்பு காட்ட வரிசையில் நிற்கின்றன. குறைவுபடுவது அனாதைகள் மட்டும்தான். இந்தப் பாரத்தை நாம் ஜெபத்தில் வைப்போம்."

எல்லாரும் கண்களை மூடினார்கள். பியானோ வாசிக்கும் மூத்த சகோதரி அன்னம்மா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, எதைக் கேட்டு ஜெபிப்பது என்று கொஞ்சம் விளக்கினால் நல்லது, பதினைந்து பிள்ளைகளுடைய தாய் தகப்பன்மாரை என்ன செய்யச் சொல்லி ஆண்டவரைக் கேட்பது என்றார். கூட்டக் குறிப்பில் இது எழுதப்படவில்லை.

ஜெபத்தோடு முயற்சியும் வேண்டும் என்பதால் அப்பளசாமி வேனை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். பிள்ளைகள் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். அனாதைகள்தான் கிடைக்கவில்லை. சபாக் பக்கம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயத்தில், இங்கே அனாதைப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, குழாயடியில் நின்ற பெண்ணொருத்தி அவரை முதலில் வாயைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். இன்னொருத்தி விளக்குமாற்றைத் தேடிப் போனாள். செகிஞ்சானில் அவரை நெல் வாங்க வந்தவர் என்று நினைத்து ஒரு சீனர் தேநீர் கொடுத்தார். மூன்று நாள் அலைச்சலில் அவருக்குக் கிடைத்தது அந்தத் தேநீர் ஒன்றுதான்.

நான்காம் நாள் பதினோராங்கட்டைத் தோட்டத்தில் நவமணியைப் பார்த்தார். எட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பாவும் அம்மாவும் மோட்டார் சைக்கிளில் போகும்போது விபத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் காலையில் பசியாறுவது, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் காளியண்ணன் வீட்டில். பகல் சோறு எந்த வீட்டில் மீன் மணக்கிறதோ அந்த வீட்டில். தூங்குவது, ரப்பர்த் தோப்பில் பால்மரம் வெட்டும் இராஜம்மா வீட்டில். அவள் யாருடைய பிள்ளை என்று அப்பளசாமி ஏழு பேரைக் கேட்டார். ஏழு பேரும் எங்க புள்ள என்றார்கள்.

சபாக் விளக்குமாறு நினைவில் இருந்ததால் அப்பளசாமி அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு முகாம் என்று சொல்லும்படி போதகர் சொல்லியிருந்தார். அப்படியே சொன்னார். அவரும் அப்படித்தான் நம்பினார். பாட்டு, படம் வரைதல், வேளைக்குச் சாப்பாடு என்று கேட்டதும் நவமணி துள்ளினாள். இராஜம்மா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள்.

"யாரு கொண்டாந்து விடுவாண்ணே?"

"நானே கூட்டிட்டுப் போறேன். நானே கொண்டாந்து விடுறேம்மா."

"ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன். எண்ணி ரெண்டே வாரம். அதுக்கு மேல எனக்குத் தூக்கம் வராது."

வேனில் ஏறி உட்கார்ந்ததுமே நவமணி அவரை மாமா என்றாள். இல்லத்தில் இறங்கியதும் போதகர் அவளைத் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, உள்ளே போய்ப் பட்டியலில் பத்து என்று எழுதினார். இது இரண்டு வாரத்துக்கு வந்த பிள்ளை என்று அப்பளசாமி தலையைச் சொறிந்தார். முகாம் எப்போது முடிகிறது என்பதை முகாம் நடத்துகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று போதகர் கனிவாக விளக்கினார். ஏற்கெனவே இருக்கிற ஒன்பது பிள்ளைகளும் பல வருஷமாக முகாமில்தான் இருக்கிறார்கள் என்பதுபோல் இருந்தது அந்த விளக்கம். அப்பளசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வாக்குக் கொடுத்தது அவர், முடிவு செய்யப்போவது வேறு யாரோ.

முதல் சனிக்கிழமையே நவமணி பதிவேட்டுக்குத் தொல்லையானாள். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு ஆண்ட்டி அவளைக் கட்டியணைத்து, தனியா இருக்கியாம்மா என்று கேட்டார். இல்லை அத்தை, நீங்கதான் தனியா வந்திருக்கீங்களா என்று நவமணி திருப்பிக் கேட்டாள். அந்த ஆண்ட்டி கணவரை இழந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு அழுதது அவர். அதற்குக் கட்டம் இல்லாததால் சந்திரிகா அம்மையார் அந்த வரியை விட்டுவிட்டார்.

இருந்தாலும் திறப்பு விழாவுக்கு நவமணிதான் பொருத்தம் என்று போதகர் முடிவு செய்தார். பழைய பிள்ளைகள் நன்றாகச் சிரிக்கப் பழகியிருந்தார்கள். விழாவுக்கு வேண்டியது யாருமில்லாத முகம். அதற்குள் அவளை முறைப்படி சேர்க்க வேண்டும். எழுத்து வேலை பார்க்கும் கிராணி லீவில் பினாங்கு போயிருந்ததால், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று படிவத்தை அப்பளசாமியிடம் கொடுத்தார்கள். எல்லாம் சுலபமாகத்தான் நிரம்பியது. கடைசியில் 'உறவினர் பெயரும் உறவுமுறையும், இருந்தால்' என்று ஒரு கட்டம். அப்பளசாமி நவமணியைக் கேட்டார். கேட்டதை எழுதினார். இதில் அவருடைய தந்திரம் எதுவுமில்லை.

காளியண்ணன், பெரியப்பா. இராஜம்மா, அத்தை. சன்னாசி, மாமா. அர்ஜுனன், சித்தப்பா. தோட்டத்துக் கடை முதலாளியான சீனர் தவுக்கே, மாமா. ரப்பர்ப்பால் லோரி ஓட்டும் மலாய்க்காரர் பாக்சிக் ரஹ்மான், அவரும் மாமாதான். கட்டம் நிறைந்து, ஓரம் நிறைந்து, தாளின் பின்பக்கமும் நிறைந்தது. மொத்தம் முப்பத்தேழு பேர். முடிந்ததா என்று கேட்டபோது, அடுத்த லயத்தை இன்னும் சொல்லவில்லை என்றாள்.

போதகர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதெல்லாம் பிள்ளைப் பேச்சு, அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதலாம் என்றார். சந்திரிகா அம்மையார் ஒப்பவில்லை. விதி பதினான்கின்படி ஒவ்வொரு உறவினரும் நேரில் வந்து உறவு துறப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்டால்தான் பிள்ளையைச் சேர்க்க முடியும். அந்த விதி வந்ததற்கும் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை ஆண்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு சித்தப்பா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் நடுவில் ஒரு காலியிடம் இருக்கும்.

"விதின்னா விதிதான் பாஸ்டர். ஒரு உறவா இருந்தா என்ன, முப்பத்தேழா இருந்தா என்ன. பள்ளிக்கூடத்துல நான் ஒரு பிள்ளைக்காகவும் மணியை மாத்தி அடிச்சதில்ல" என்றார் அவர். போதகர் அடங்கிவிட்டார். விழா நாளன்று காலையிலேயே கையெழுத்து வாங்கிவிடலாம், வெள்ளைக்காரர்களுக்கும் அது ஒரு சாட்சியாக இருக்கும் என்று தீர்மானமானது.

அம்மையார் கடிதத்தைத் தயாரித்தார். அவருக்குக் கைவந்தது விழா அழைப்பிதழ் நடைதான். 'உறவுமுறையினராகிய தாங்கள் தவறாது வருகை தந்து, செல்வி நவமணி மீதான உறவைத் துறந்து வைத்துச் சிறப்பிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்' என்று முப்பத்தேழு பிரதிகள் தட்டச்சாகித் தபாலில் போயின.

பதினோராங்கட்டைத் தோட்டத்துக்கு வங்கிக் கடிதமும் கோர்ட்டுக் கடிதமும் வந்ததுண்டு. ஆளுக்கொரு கடிதம், அதுவும் தட்டச்சில், வந்தது அதுதான் முதல் தடவை. மண்டோர் காளியண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் நின்று படித்தார். 'துறந்து வைத்து' என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு, டைப்பில் பிழை விட்டிருக்கிறார்கள், 'திறந்து வைத்து' என்று இருக்க வேண்டும் என்று திருத்தினார். திறந்து வைத்துச் சிறப்பிப்பது எல்லாருக்கும் தெரியும். துறந்து வைத்து யாராவது சிறப்பிப்பார்களா?

பெண் பிள்ளையின் பெயரைப் போட்டு, உறவுமுறையை எல்லாம் தவறாது வரச் சொல்லியிருக்கிறார்களே, என்ன விசேஷமாக இருக்கும் என்று பெண்கள் யோசித்தார்கள். இராஜம்மாதான் கண்டுபிடித்தாள். காது குத்து. நவமணிக்கு இன்னும் காது குத்தவில்லை. அப்பா அம்மா போனதில் தள்ளிப்போனது, அப்புறம் யார் மடியில் வைப்பது என்ற பேச்சில் நின்றேபோனது. வேதக்காரர்களாக இருந்தாலும் பிள்ளையின் காதைக் கவனித்திருக்கிறார்களே என்று இராஜம்மாவுக்குக் கண் கலங்கியது. அன்றைக்கே தஞ்சோங் காராங்கிலிருந்து காது குத்தும் பத்தரை வரச்சொல்லி ஆள் போனது.

டிசம்பர் பதினைந்து, சனிக்கிழமை. மாடிக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. வெள்ளைக்காரத் தம்பதி முன்வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு முக்காலி. அதன்மேல் வெள்ளைக் கவுனோடு நவமணி. போதகர் பேசப் பேச, சந்திரிகா அம்மையார் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இந்தச் சிறுமியைப் பாருங்கள். பசித்தால் சோறு போட இவளுக்கு ஒருவருமில்லை. அழுதால் கண்ணைத் துடைக்க ஒருவருமில்லை. நாங்கள் தேடினோம் பிரியமானவர்களே, தோட்டம் தோட்டமாகச் சல்லடை போட்டுத் தேடினோம். இந்தப் பரந்த உலகத்தில் இவளுக்கு என்று யாருமே இல்லை என்பதை நாங்கள் மிகுந்த சந்தோஷத்தோடு—"

இந்த இடத்தில் லோரி ஹாரன் கேட்டது. தோட்டத்து லோரி முற்றத்தில் வந்து நின்றது. முதலில் கேசட் ரேடியோவில் நாயனம் இறங்கியது. அதன்பின் வாழைப்பழத் தட்டு, தேங்காய்த் தட்டு, பட்டுப் பாவாடைத் தட்டு, வளையல் தட்டு. தவுக்கே பிஸ்கட் டின் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பாக்சிக் ரஹ்மான் கையில் ஒரு கொத்து ரம்புத்தான் பழம். கடைசியாகச் சின்னப் பெட்டியோடு பத்தர். வெள்ளைக்காரர் எழுந்து நின்று, இவர்கள் யார் என்று கேட்டார். சந்திரிகா அம்மையார் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. உறவினர்கள் என்றார். யாருடைய உறவினர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. யாருமில்லாத அந்தச் சிறுமியுடையவர்கள் என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் பதில் சொன்னார்.

நவமணி முக்காலியிலிருந்து குதித்து ஓடி இராஜம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். போதகர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். சந்திரிகா அம்மையார்தான் நிலைமையைக் கையில் எடுத்தார். வந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து, மேசையில் முப்பத்தேழு பத்திரங்களை அடுக்கி, அப்பளசாமியைப் படித்துக் காட்டச் சொன்னார். 'மேற்கண்ட சிறுமியின்மீது எனக்குள்ள உறவுரிமைகள் யாவற்றையும் மனமுவந்து துறக்கிறேன்' என்று அவர் படித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். மண்டோர் காளியண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு, ஒரு மரியாதைக்கு அப்பளசாமியைக் கேட்டார்.

"சாமி, அதக் கொஞ்சம் நம்ம பேச்சுல சொல்லு."

அப்பளசாமி கையிலிருந்த பத்திரத்தை மடித்தார். "இன்னையிலேருந்து இந்தப் புள்ளைக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு போடணும் மண்டோர். போட்டா, புள்ள இங்கயே இருக்கும்."

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். காளியண்ணன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டார். இராஜம்மா போதகரைப் பார்க்கவில்லை, அம்மையாரையும் பார்க்கவில்லை. அப்பளசாமியைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு வாரம்னு சொன்னீங்களேண்ணே."

அப்பளசாமி தலை நிமிரவில்லை. செம்பனைக் குலை காலில் விழுந்தபோதுகூட அவருக்கு அப்படி வலித்ததில்லை. சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்துப் பத்திரங்களின்மேல் வைத்தார்.

"பாஸ்டர், நான் வாக்குக் குடுத்துக் கூட்டியாந்த புள்ள. வேலைய வேணா எடுத்துக்குங்க. இன்னைக்கு ரெண்டு வாரம் முடியுது. புள்ளைய நான் கொண்டுபோய் விடணும்."

இராஜம்மா அதற்குப் பிறகுதான் போதகரிடம் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, நீங்க நல்லதுதான் நெனைக்கிறீங்க. தப்பா சொல்லல. யாரு சோறு போட்டா, யாரு தல வாரி விட்டா, யாரு தோள் மாத்தி மாத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனான்னு கேட்டா, நாங்க உக்காந்து சொல்றோம், நீங்க எழுதிக்குங்க. இல்லன்னு எழுதித் தரச் சொன்னா, எங்களுக்கு எழுத வராது."

போதகர் செல்லையா ஒலிவாங்கியை மேசையில் வைத்தார். அவர் தோளில் ஒரு புதன்கிழமை கிடந்த காய்ச்சல் பிள்ளையின் சூடு அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சந்திரிகா அம்மையார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கையொப்பம் கிடைக்காத பட்சத்தில் பிள்ளையைச் சேர்க்க இயலாது என்று தெளிவாக இருந்தது. அவர் எழுதியதுதான். பட்டியலில் பத்தை அடித்து ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். ஒரு பிள்ளைக்காகவும் மணியை மாற்றி அடிக்காதவர் அன்றைக்கும் மாற்றவில்லை, அதனால் நவமணி வீட்டுக்குப் போனாள்.

ஆனால் பத்தர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். நல்ல நேரம் பன்னிரண்டுக்கு முடிகிறது என்று அவர் நினைவூட்டினார். வந்த இடத்தில் முடித்துவிடலாம் என்று சன்னாசி சொன்னதும் பழைய தகராறு கிளம்பியது. தாய்மாமன் மடியில்தான் வைக்க வேண்டும். தாய்மாமன் என்று நான்கு பேர் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஒருவர் மடியில் வைத்தால் மற்ற மூவரும் பொங்கலுக்குப் பேசமாட்டார்கள். காளியண்ணன் நான்கு பேரையும் பார்த்தார். பிறகு மேசையோரம் நின்ற அப்பளசாமியைப் பார்த்தார். வேலையையே வைத்துவிட்டு நின்றவன் மடி, இதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும் என்றார். யாரும் சொல்லவில்லை.

ஆகவே அன்பின் கூடாரத்தின் புது மாடி திறப்பு விழாவில், சிவப்பு நாடாவுக்குக் கீழே, அப்பளசாமியின் மடியில் நவமணிக்குக் காது குத்தப்பட்டது. அவள் போட்ட அலறலில் வெள்ளைக்கார அம்மாள் கண்ணைப் பொத்திக்கொண்டார். சந்தனக் கிண்ணத்தை யாரோ நீட்ட, போதகர் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இல்லத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரும் பழக்கப்படி உயர வரிசையில் நின்று நன்றிப் பாட்டைத் தொடங்கினார்கள். பாட்டெல்லாம் அப்புறம், வந்து சாப்பிடுங்கள் என்று இராஜம்மா இலையைப் போட்டாள். சேது மட்டும் உட்காரவில்லை. ஒவ்வொருவரிடமாகப் போய், நீங்க நவமணிக்கு என்ன வேணும் என்று கேட்டு எண்ணிக்கொண்டே வந்தான். முப்பத்தேழும் சரியாக இருந்தது. அதன் பிறகு அவன் சாப்பிட வரவே இல்லை. மாடிக்குப் போய்ப் புதுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அப்பளசாமியின் வேலை போகவில்லை. வெள்ளைக்காரத் தம்பதி ஊருக்குப் போய் எழுதிய கடிதத்தில், தாங்கள் கண்ட விழாக்களிலேயே உறவினர்கள் நிகழ்ச்சிதான் மிகச் சிறந்தது என்றும், மற்ற ஒன்பது பிள்ளைகளின் உறவினர்களையும் பார்க்க ஆவலாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். குழு உடனே கூடியது. போதகர் உருக்கமாகப் பேசினார்.

"நாம் இதுவரைக்கும் அன்பை மட்டும் கொடுத்துவந்தோம். பிள்ளைகளுக்கு உறவும் தேவைப்படுகிறது என்பதை இப்போது கண்டுகொண்டோம். உறவை உண்டாக்குவது அப்படியொன்றும் கடினமல்ல. ஒரு துணைக்குழு போதும்."

உறவினர் நியமனத் துணைக்குழு உண்டானது. பிள்ளை ஒன்றுக்கு இரண்டு மாமா, இரண்டு அத்தை, ஒரு பெரியப்பா என்று ஒதுக்கீடு செய்தார்கள். விண்ணப்பம் கோரப்பட்டது. நேர்முகத் தேர்வில் அத்தைகள் போதிய அளவு கிடைத்தார்கள், மாமாக்கள் பற்றாக்குறை. காலியிடத்தை நிரப்ப, அனுபவம் உள்ளவர் என்ற அடிப்படையில், அப்பளசாமிக்கு நியமனக் கடிதம் வந்தது. பதவி: மாமா (தற்காலிகம்). ஆறு மாதம் தகுதிகாண் காலம். பணி நேரம்: சனிக்கிழமை பிற்பகல் மூன்று முதல் நாலரை வரை.

ஜனவரியில் பள்ளி திறந்த வாரம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, முன் இருக்கையில் இருந்த சேது அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். பின்னால் எட்டுப் பேரும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். தற்காலிகம் என்றால் என்ன என்று கேட்டான். கொஞ்ச நாளைக்கு என்று அப்பளசாமி சொன்னார். சேது அதை ஒப்புக்கொண்டான். அவன் வாழ்க்கையில் எல்லாமே கொஞ்ச நாளைக்குத்தான் இருந்திருக்கிறது. அவனுக்கு வேறொரு சந்தேகம்.

"நாலரைக்கு மேல ஒங்கள என்னான்னு கூப்புடுறது?"

அப்பளசாமி வேனைச் சாலையோரத்தில் நிறுத்தினார். அதற்குப் பதில் கடிதத்தில் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பவர்போல வாங்கிப் பார்த்தார். இல்லை.

"மாமான்னே கூப்புடு. எப்பவும் அப்படியே கூப்புடு."

அன்றிலிருந்து ஒன்பது பேரும் அப்படியே கூப்பிட்டார்கள். காலையில் கூப்பிட்டார்கள், குளியலறையிலிருந்து சோப்பு கேட்டுக் கூப்பிட்டார்கள். பள்ளி லீவு வந்தால் பதினோராங்கட்டைக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சந்திரிகா அம்மையார் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். நியமிக்கப்பட்ட நேரத்துக்குப் புறம்பாக, புதன்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, பள்ளிக்குப் போகும் வேனில், ஒன்பது பிள்ளைகளோடு உறவு கொண்டாடியது ஏன் என்று அதில் கேட்டிருந்தது. அப்பளசாமி இரண்டு நாள் யோசித்துத் தம் நல்ல கையெழுத்தில் பதில் எழுதினார். நடந்தது தவறுதான், மன்னிக்க வேண்டும். குழு சொல்லும் நாளிலிருந்து நாலரை மணிக்கு நிறுத்திக்கொள்ளத் தயார். ஆனால் அதைப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லத் தம்மால் ஆகாது, அந்த வேலையை மட்டும் குழு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பதில் நியாயமாக இருப்பதாகக் குழு கருதியது. யார் போய்ச் சொல்வது என்று முடிவு செய்ய மூன்று முறை கூடினார்கள். நான்காவது கூட்டத்தில் போதகர் எழுந்து, தமக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சந்திரிகா அம்மையார் மட்டும் ஒருநாள் மாலை கையில் கடிதத்தோடு பிள்ளைகள் இருந்த மாடிக்கு ஏறிப்போனார். ஒன்பது பேரும் உயர வரிசையில் நின்றார்கள். அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எல்லாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார்.